முதுகில் அடிபட்டவரிடம் இன்சூரன்ஸ் ஆள் கையெழுத்து கேட்டு வந்தால் ஜாக்கிரதை

வீட்டில் யாருக்காவது முதுகுத்தண்டில் அடிபட்டு இன்சூரன்ஸ் கிளைம் போட்டிருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கை கால் எலும்பு உடைந்தால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் விலகினால் அப்படி இல்லை. "இது விழுந்ததால் வந்ததல்ல, ஏற்கெனவே இருந்த தேய்மானம்" என்று ஒரே வரியில் கம்பெனி கையை விரித்துவிடலாம். எங்களுக்கு அதைத்தான் செய்தார்கள்.

என் வீட்டுக்காரர் ஈரோட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். 2024 ஆகஸ்டில் ஒரு மழைக்குப் பிறகு, ஒழுகுகிற சிமெண்ட் அட்டையைப் பார்க்க ஏறினார். ஏணி சறுக்கி, உட்கார்ந்த வாக்கில் தரையில் விழுந்தார். அன்றைக்கு ராத்திரியே இடது கால் மரத்துப்போனது. மறுநாள் நடக்க வைத்துப் பார்த்தால் பாதம் மேலே தூக்கவில்லை. செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அது கழன்றதே அவருக்குத் தெரியாது. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, உடனே ஆபரேஷன் செய்தால்தான் பாதம் பிழைக்கும் என்றார்கள்.

குடும்பத்துக்கே சேர்த்து 2022 டிசம்பரில் எடுத்த பாலிசி இருந்தது. கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டுகிற வசதி, கேட்டதும் ஒரு பகுதித் தொகைக்கு அனுமதி வந்தது. அந்த நம்பிக்கையில் ஆபரேஷன் நடந்தது. டிஸ்சார்ஜ் அன்றைக்குக் காலையில் பில் அனுப்பினார்கள். சாயங்காலம் பில்லிங் கவுண்டரில் கூப்பிட்டு, "கேஷ்லெஸ் கேன்சல் ஆயிடுச்சுங்க, கட்டிட்டு ரீஇம்பர்ஸ்மெண்ட் போட்டுக்கங்க" என்றார்கள். டிஸ்சார்ஜ் கேட்ட 3 மணி நேரத்துக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும், தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாக வசூலித்தால் அதையும் கம்பெனியே ஏற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதமே உத்தரவு போட்டிருக்கிறது. அந்தக் கவுண்டரில் அதை யார் சொல்வார்கள்? பில் இரண்டரை லட்சத்துக்கு மேல். என் தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் நகைக்கடனுக்குப் போனது.

நான் எச்சரிக்க வந்தது இதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான்.

கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கிற ரீஇம்பர்ஸ்மெண்ட் பேப்பர் அனுப்பிக் கொஞ்ச நாளில் ஓர் ஆள் வீட்டுக்கு வந்தார். நான் பையனைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவரப் போயிருந்த நேரம். மாமனார் கதவைத் திறந்திருக்கிறார். வந்தவர் கம்பெனி ஊழியர் இல்லை, கம்பெனி வாடகைக்கு அமர்த்திய விசாரணை ஆள். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிங்கண்ணா, சீக்கிரம் பணம் வரட்டும்னுதான் வந்தேன்" என்று கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்திருக்கிறார். அப்போது என் வீட்டுக்காரர் வலி மாத்திரையில் பாதி மயக்கத்தில் இருந்தார். லேத்தில் நாள் முழுக்க நின்று வேலை செய்தால் இடுப்பு வலிக்காதா என்று கேட்டதற்கு, "வலிக்கும், படுத்து எந்திரிச்சா சரியாயிடும்" என்று சொல்லியிருக்கிறார். நின்று வேலை செய்கிற எவரும் சொல்லக்கூடிய பதில். அந்த ஆள் அதை ஆங்கிலத்தில் எழுதி, படித்துக் காட்டாமலே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. "இன்சூர்டு நபருக்கு இரண்டு வருடமாக முதுகுவலி இருந்ததாக அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டுள்ளார். எம்ஆர்ஐயிலும் தேய்மான மாற்றங்கள் காணப்படுகின்றன. உண்மையை மறைத்துப் பாலிசி எடுத்ததால் கிளைம் நிராகரிக்கப்படுகிறது, பாலிசி ரத்து செய்யப்படுகிறது" என்பது சாராம்சம். இரண்டு வருடம் என்கிற கணக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பாலிசி போனதால் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இருந்த பாதுகாப்பும் ஒரே கடிதத்தில் போனது.

பாலிசி போட்ட ஏஜெண்ட் எங்களுக்குத் தெரிந்த பையன்தான். பாரத்தை அவனே நிரப்பினான், எங்களிடம் முதுகுவலி பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ஆக்சிடெண்ட்னா வீட்ல இருக்கற நாளுக்கும் பணம் வரும்க்கா" என்று வாய் நிறையச் சொல்லியிருந்தான். அப்படி ஒரு பைசாவும் அந்தப் பாலிசியில் கிடையாது. அது ஆஸ்பத்திரிச் செலவுக்கான பாலிசி மட்டும். வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் வேண்டுமென்றால் தனியாகத் தனிநபர் விபத்துப் பாலிசி எடுத்திருக்க வேண்டும், அதிலும் தற்காலிக முடக்கத்துக்கான பிரிவு சேர்ந்திருக்க வேண்டும். கடிதம் வந்த பிறகு அவன் போனை எடுக்கவே இல்லை.

அந்தக் கடிதம் வீட்டுக்குள் செய்த வேலையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவரைப் புரட்டிப் படுக்க வைப்பதே ஒரு பாடம். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும், இடுப்பு மட்டும் முறுக்கக் கூடாது. நானும் பெரியவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருப்புவோம். பத்தாவது படிக்கிற பிள்ளை, பரீட்சைக்குப் படித்துக்கொண்டே அப்பாவுக்கு பெல்ட் மாட்டப் பழகினாள். சின்னவனுக்கு ஏழு வயது, அப்பா மேல் ஏறி விளையாடக் கூடாது என்று எத்தனை முறை சொல்வது? இதையெல்லாம் சமாளித்துவிட்டோம். ஆனால் "நானே எழுதிக் கொடுத்துட்டேன்னு போட்டிருக்காங்களே, என்னாலதான் எல்லாம் போச்சு" என்று அவர் தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொண்டார். பிசியோதெரபிக்கு ஒரு தடவைக்கு ஆகிற காசை மிச்சம் பிடிக்க, வலி குறைந்துவிட்டதாகப் பொய் சொல்லிப் போவதை நிறுத்தினார். பாதம் தூக்கப் பயிற்சி கொடுத்தே ஆக வேண்டிய மாதங்கள் அவை. அந்தக் கம்பெனி பணத்தை மட்டும் நிறுத்தி வைக்கவில்லை, அவர் குணமாவதையும் சேர்த்து நிறுத்தியது. இதை நான் மன்னிக்க மாட்டேன்.

இடையில் ஒருவர் போன் செய்தார். நிராகரித்த கிளைமை வாங்கிக் கொடுப்பாராம், அதற்கு முன்பணமும், வருகிற தொகையில் 15 சதவீதம் கமிஷனும் வேண்டுமாம். எங்கள் கிளைம் எண் முதற்கொண்டு தெரிந்து வைத்திருந்தார். அது எப்படி வெளியே போனது என்று யோசித்துக்கொள்ளுங்கள். இப்படி யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

எங்களுக்கு வழி காட்டியது ஆபரேஷன் செய்த டாக்டர். எம்ஆர்ஐயில் தேய்மானம் தெரிவது நரை முடி மாதிரிதான் என்றார். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2015இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் கட்டுரை வந்திருக்கிறது. எந்த வலியும் இல்லாத 40 வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்ததாம். அப்படியென்றால் தேய்மானம் என்ற வார்த்தையைக் காட்டி யாருடைய கிளைமையும் தள்ளிவிடலாமே! "விழுவதற்கு முன் இவருக்கு நரம்புப் பாதிப்பு இருந்ததற்கான எந்தப் பதிவும் இல்லை, விழுந்ததைத் தொடர்ந்தே பாதம் செயலிழந்தது" என்று டாக்டர் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தார்.

பாலிசிப் புத்தகத்தை அப்புறம்தான் வரி வரியாகப் படித்தோம். டிஸ்க் பிரச்சினைக்கு 24 மாதக் காத்திருப்பு, அதாவது பாலிசி எடுத்து அத்தனை மாதம் முடிந்த பிறகுதான் பணம் கிடைக்கும் என்று இருந்தது, எங்களுக்கு இன்னும் சில மாதம் பாக்கி. நிராகரிப்புக் கடிதத்தில் இதையும் ஒரு காரணமாகச் சேர்த்திருந்தார்கள். ஆனால் அதே பிரிவில், விபத்தால் ஏற்பட்டதற்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது என்றும் இருக்கிறது. முதல் பாதியை எடுத்துப் போட்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள். ஏற்கெனவே இருந்த நோய் என்றால் என்ன என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. பாலிசிக்கு முன்பே டாக்டர் கண்டறிந்திருக்க வேண்டும், அல்லது அதற்கு மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ பெற்றிருக்க வேண்டும். வேலை முடிந்து வருகிற இடுப்புவலி அதில் வராது.

எங்களைக் காப்பாற்றிய பேப்பர் ஏஆர் காப்பி, அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல். கேஷுவால்டியில் சேர்த்தபோதே "ஏணியில் இருந்து விழுந்ததால்" என்று அதில் எழுதியிருந்தார்கள். அடிபட்டுச் சேர்க்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். கேஸ் ஷீட்டில் டியூட்டி டாக்டர் என்ன எழுதுகிறார் என்றும் பாருங்கள், "எத்தனை நாளாக வலி" என்ற இடத்தில் தவறு இருந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள். விசாரணை ஆள் வந்தால் அடையாள அட்டையைக் கேளுங்கள். நோயாளியோடு இன்னொருவர் இருக்கும்போது மட்டும் பேசச் சொல்லுங்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதைப் போட்டோ எடுக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாங்கள் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் அனுப்பினோம். ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் பதிந்தோம், 155255 என்ற எண்ணில் கூப்பிட்டும் புகார் சொல்லலாம். கம்பெனிக்காரர்கள் பழைய பல்லவியையே பதிலாக அனுப்பினார்கள். சரி என்று இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போனோம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் ஒரு ரூபாய் கிடையாது. வக்கீல் வைத்து வாதாட முடியாது, நாமே பேச வேண்டும். கேட்பதற்குப் பயமாக இருந்தாலும் உண்மையில் அது நமக்குத்தான் நல்லது. விசாரணை வீடியோவில் நடந்தது. கம்பெனிக்காரரிடம், இரண்டு வருட வலிக்கு ஒரு மருந்துச் சீட்டாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். அவரிடம் ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்கவும் பாலிசியைத் திரும்ப உயிர்ப்பிக்கவும் உத்தரவு வந்தது. பணம் வந்து நகையை மீட்டோம். கட்டிய வட்டி கட்டியதுதான், பட்டறை பூட்டிக் கிடந்த மாதங்களின் வருமானமும் போனதுதான். என் வீட்டுக்காரர் இப்போது பாதத்தைத் தாங்கிப் பிடிக்கிற ஸ்பிளிண்ட் போட்டுக்கொண்டு அரை நாள் பட்டறைக்குப் போகிறார். பிசியோதெரபியைத் திரும்பத் தொடங்கிவிட்டார்.

ஒரு விஷயம் அவசரம். கம்பெனி கடைசியாக மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் குறைதீர்ப்பாளரிடம் மனு போய்ச் சேர வேண்டும். கம்பெனி பதிலே தராவிட்டால் ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போகலாம். நிராகரிப்புக் கடிதத்தைப் பீரோவில் வைத்துவிட்டு மனசு விட்டுப்போய் இருக்கிறவர்கள், இன்றைக்கே எடுத்து அதிலுள்ள தேதியைப் பாருங்கள்.