கொதிக்கிற பாத்திரத்திலேயே சூப்பை அரைக்கும் ஹேண்ட் பிளெண்டர்

இலையுதிர் காலம் தொடங்கி மாலையில் குளிர் ஏறிவிட்டால், எனக்கு இரவுச் சாப்பாடு பெரும்பாலும் சூப்தான். பரங்கிக்காய், கேரட், பருப்பு, தக்காளி என்று மாறி மாறி வரும். அதற்காகவே வாங்கியது இந்த ஹேண்ட் பிளெண்டர். 700 வாட்ஸ் மோட்டார், கழற்றி மாட்டும் ஸ்டீல் தண்டு, கூடவே ஒரு சின்ன சாப்பர் கிண்ணம். வீட்டில் அடிக்கடி சூப் வைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

முதல் காரணம் பாதுகாப்பு. சூடான சூப்பை மிக்ஸி ஜாரில் ஊற்றி மூடி ஓட்டினால், நீராவி மூடியைத் தள்ளிவிடும், கையெல்லாம் தெறிக்கும். ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து, திரும்பவும் அடுப்பில் ஏற்ற வேண்டும். பசியோடு இருக்கும்போது யாருக்கு அந்தப் பொறுமை? இதில் பிளேடே பாத்திரத்துக்குள் இறங்கிவிடுகிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோஜர் பெரின்ஜாக்கே 1950இல் காப்புரிமை பெற்ற யோசனை இது.

பரங்கிக்காய் சூப்பில்தான் இதன் அருமை தெரியும். காயை இரண்டாக வெட்டி, எண்ணெய் தடவி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் 40, 45 நிமிடம் சுடுகிறேன். ஓரம் கருகினாற்போல் பழுப்பேற வேண்டும். இனிப்பு அங்கேதான் இருக்கிறது. வெண்ணெயில் வெங்காயத்தையும் பூண்டையும் நிதானமாக வதக்கி, சுட்ட சதையை வழித்துப் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விடுவேன். பிறகு அடுப்பை அணைத்து, கொதி அடங்கியதும் பிளேடு முழுக்க மூழ்கிய பின்னரே பட்டனை அழுத்த வேண்டும். முதலில் துண்டுகள் பிளேடின் கூட்டில் கடகடவென்று மோதும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் அடங்கி வெறும் ரீங்காரமாகும். சூப்பின் மேற்பரப்பு பளபளவென்று மினுங்கும். கிரீம் ஒரு சொட்டுகூடத் தேவையில்லை. தண்டு அடியில் ஒட்டி இழுத்தால் லேசாகச் சாய்த்தால் விட்டுவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே தூக்கினால் மட்டும் சுவரெல்லாம் சூப்தான்.

எவ்வளவு அரைப்பது என்பது நம் கையில் இருப்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. பருப்பு சூப்பைப் பாதி மட்டும் மசித்து, மீதியை முழுசாக விட்டால் கடிக்க ஏதாவது கிடைக்கும். உருளைக்கிழங்கு சேர்த்த சூப்புக்கு இரண்டு மூன்று அழுத்தல் போதும். அதற்கு மேல் ஓட்டினால் கிழங்கின் மாவுச்சத்து வெளியேறிப் பசை மாதிரி ஆகிவிடும். தக்காளித் தோல் இதில் முழுக்க மசிவதில்லை, வடிகட்டித்தான் ஆக வேண்டும்.

சாப்பர் கிண்ணம் சுமார். சூப்போடு தொட்டுக்கொள்ள வேகவைத்த கொண்டைக்கடலையை எலுமிச்சையும் பூண்டும் போட்டு அரைத்தால் அதற்குள் மோட்டார் கைப்பிடி சூடாகிவிடுகிறது. கொட்டைகள், கொத்தமல்லி நறுக்குவதற்குச் சரி. நொறுக்குத்தீனிக்கு உண்மையில் கருவியே வேண்டாம். வெந்த கொண்டைக்கடலையைத் துணியில் ஈரம் போக நன்றாகத் துடைத்து, எண்ணெயில் பிரட்டி, 200 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் மொறுமொறுவென்று வந்துவிடும்; மிளகாய்த்தூளைக் கடைசியில்தான் தூவ வேண்டும், முன்பே போட்டால் கருகும். பரங்கி விதைகளையும் வீசிவிடாதீர்கள். கழுவிக் காயவைத்து 160 டிகிரியில் இருபது நிமிடம் வறுத்து, சூப்பின் மேல் தூவினால் அவ்வளவு நன்றாக இருக்கிறது.

குறை என்றால் பட்டன். விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய பாத்திரம் என்றால் கட்டை விரல் வலிக்கிறது. ஒரே மூச்சில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறார்கள். நான்ஸ்டிக் பாத்திரத்தில் ஸ்டீல் தண்டு கீறும் என்பதால் நான் எவர்சில்வரிலேயே வைக்கிறேன்.

கழுவுவது சுலபம். உயரமான டம்ளரில் வெந்நீரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டுச் சில விநாடி ஓட்டினால் போதும். அதற்குப் பிறகு பிளேடில் விரல் வைப்பதற்கு முன் பிளக்கைக் கட்டாயம் பிடுங்கிவிடுங்கள். வாங்கும்போது தண்டு பிளாஸ்டிக்காக இல்லாமல் ஸ்டீலாக இருக்கிறதா, உங்கள் சூப் பாத்திரத்தின் அடிவரை எட்டுகிறதா என்று பாருங்கள். சாப்பர் இல்லாத மாடலே போதும்.