ஆவணி வெயிலில் பார்த்த வீடு

பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறையைப் பார்த்துத்தான் நாங்கள் கனடாவிலிருந்து ஊருக்குப் போகிறோம். அதனால் எப்போதும் ஆடி, ஆவணிதான். வன்னி காய்ந்து வெடித்துக் கிடக்கிற காலம். எந்தக் கூரையும் ஒழுகாது, எந்த முற்றத்திலும் தண்ணி நில்லாது. பழைய வீடு விற்கிறவருக்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது.

வன்னியில் பரந்தனுக்குக் கிட்ட, சண்டைக்கு முன்னம் கட்டிய கல்வீடு ஒன்று விலைக்கு வந்தது. இடம்பெயர்ந்த காலத்தில் ஓடும் கதவு நிலையும் போய், திரும்பி வந்து புதுக்கூரை போட்ட வீடு. கனடாவில் என்றால் வீடு சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து அறிக்கை தருவார். இங்கே அப்படி யாரும் அகப்படவில்லை. மச்சான் ஒரு வயதான மேசனைக் கூட்டிவந்தார். ஒரு நாள் கூலி பேசினோம்.

மனுசன் உள்ளே வரவேயில்லை. முதலில் வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு வெளிச்சுவரில் ஓரிடத்தில் குந்திக்கொண்டு, "தம்பி, இந்தப் பெயின்றைப் பாருங்கோ" என்றார். முழங்கால் உயரம் வரைக்கும் வெள்ளை பளிச்சென்று இருந்தது. அதற்கு மேலே பழுப்பு. நகத்தால் சுரண்ட, உள்ளே மண்நிறக் கோடு. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது வந்த வெள்ளம் அது. "இந்தக் காணிக்குள் வெள்ளம் வந்ததே இல்லை" என்று புறோக்கர் முதல்நாள்தான் சொல்லியிருந்தார்.

பிறகுதான் உள்ளே. யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஏறிய வெடிப்புக்குள் ஐந்து ரூபாய் நாணயக் குற்றியைச் செருகினார். போய் நின்றது. பூச்சு மட்டும் வெடித்த நூல்க்கோடுகள் நாலைந்தைக் காட்டினேன், கையை விசுக்கிவிட்டார். "அது கிடக்கட்டும். இதுதான் அத்திவாரம் இறங்கின வெடிப்பு. களிமண் கோடையில சுருங்கும், மாரியில ஊதும்." தடியால் நிலத்தைத் தட்டிக்கொண்டே போனார். குசினிக்குள் சத்தம் மாறியது, சீமெந்துக்குக் கீழே கோறை. கூரை மரத்தில் கறையான் புற்று ஒரு சாண் நீளத்துக்கு.

ஆவணி காட்டிக்கொடுக்கிற ஒன்றும் உண்டு, கிணறு. கோடையில் ஊறுகிற கிணறுதான் கிணறு. தண்ணி இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா தந்த பிளேன்ரீயில் உப்புக் கரித்தது. அவவுக்கு அது பழகிவிட்டது. மலசலகூடக் குழி கிணற்றுக்கு முப்பது அடிக்குள் இருந்தது. ஐம்பது அடியாவது வேணும் என்பார்கள்.

வயரிங் பார்க்க வருவதாக முற்பணம் வாங்கிய பொடியன் மூன்றாம் நாள்தான் வந்தான். வந்து பத்து நிமிடத்தில் எர்த் கம்பியே இல்லை என்று கண்டுபிடித்தான், அதற்காகப் பிந்தியதை மன்னித்தேன்.

காகிதப் பக்கமும் சொல்லவேணும். கிளிநொச்சிப் பக்கம் நிறையக் காணி பேர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது. பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் அதைக் கைமாற்ற ஏலாது. இது சொந்தப் பத்திரம் உள்ள உறுதிக் காணி என்பதால் தப்பினோம். ஆனால் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் தேடியபோது பழைய ஈடு, அதாவது அடமானம், ஒன்று மீட்கப்படாமல் பதிவில் கிடந்தது. வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் வைத்திருப்பவர் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி காணி வாங்க முடியாது. தொடர்மாடி வீடென்றால் வாங்கலாமாம். பரந்தனில் தொடர்மாடிக்கு நான் எங்கே போக? இரட்டைக் குடியுரிமை எடுத்து வைத்திருந்தது கைகொடுத்தது.

விற்பவரிடம் ஒன்றுதான் கேட்டேன். ஈட்டை மீட்டுத் தாங்கோ, உறுதியை மாரி மழை பார்த்தபிறகு தையில் முடிப்போம். முகம் சுருங்கியது, ஆனால் ஒத்துக்கொண்டார். எனக்காகக் கையெழுத்து வைக்க மச்சானுக்கு அற்றோணி எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

கார்த்திகையில் மேசன் வீடியோ அனுப்பினார். அடைமழை, முற்றம் முழுக்கச் சேற்றுத் தண்ணி. கமராவைப் படிக்குக் கிட்டக் கொண்டுபோய், "ரெண்டு படி நனைஞ்சிருக்கு, மூண்டாவது காய்ஞ்சு கிடக்கு தம்பி" என்கிறார். பின்னால் குசினிக்குள் எங்கேயோ வாளியில் சொட்டுகிற சத்தம். அந்தச் சத்தத்தை வைத்து விலையில் மூன்று லட்சம் குறைத்துப் பேசினோம்.