பாரிஸ் டிஸ்னிலேண்ட்: கோட்டைக்கு அடியில் ஒரு டிராகன்

1992 ஏப்ரல் 12 அன்று யூரோ டிஸ்னி என்ற பெயரில் திறக்கப்பட்ட இப்பூங்கா, சாப்பாட்டோடு ஒயின் அருந்தும் பிரெஞ்சுக்காரர்களிடம் மது கிடையாது என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டு, மறு ஆண்டே அந்தத் தடையைத் தளர்த்தியது. நடந்தபடியே கொறிக்கும் அமெரிக்க வழக்கத்தை நம்பித் திட்டமிட்ட உணவகங்களில், நண்பகலில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட வந்ததால் நெரிசல் ஏற்பட்டது.

கோட்டை விஷயத்தில் மட்டும் முதலிலேயே யோசித்திருக்கிறார்கள். நிஜக் கோட்டைகள் நிறைந்த நாட்டில் நகல் எடுபடாது என்பதால், இளஞ்சிவப்புச் சுவர்களும் நீலக் கூரைகளுமாகக் கதைப்புத்தகப் படம்போல் எழுப்பியுள்ளனர். அதன் அடியில், இருண்ட குகையில், சங்கிலியால் பிணைக்கப்பட்ட டிராகன் கண் திறந்து, புகை கக்கி உறுமுகிறது. என்னைக் கேட்டால், சவாரிகளைவிட இதுவே கொடுத்த காசுக்கு ஈடு. மாடியில் அழகிய வண்ணக் கண்ணாடி ஓவியங்களும் உள்ளன. ஆனால் குழந்தைகளைக் குகையிலிருந்து கிளப்புவதுதான் பெரும்பாடு.