இரண்டாவது கார்டாக ஆர்எக்ஸ் 6400: வன்னி வெக்கைக்குள் தாக்குப்பிடிக்குமா?

இரண்டு கிராபிக்ஸ் கார்ட் போட்டால் கேம் இரண்டு மடங்கு வேகமாக ஓடும் என்று நம்புகிற பெடியள் கிளிநொச்சியிலும் இருக்கினம், வவுனியாவிலும் இருக்கினம். அந்தக் கணக்கு முடிந்து கனகாலம். 2021 ஜனவரியோடு, இரண்டு கார்டைச் சேர்த்து ஓட்டுகிற எஸ்எல்ஐ முறைக்குப் புதிய டிரைவர் புரொஃபைல் சேர்ப்பதை என்விடியா நிறுத்திவிட்டது. ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக் கார்டுகளில் 3090, 3090 டிஐ இரண்டுக்கும் மட்டும் அந்த இணைப்பு இருந்தது. 40 வரிசையில் அதுவும் இல்லை. நல்லாக ஓடிய காலத்திலும் கார்டுகளின் நினைவகம் 8 ஜிபியும் 8 ஜிபியும் சேர்ந்து 16 ஆனதில்லை. ஒரே தரவுதான் இரண்டிலும் ஏறும்.

இன்றைக்கு இரண்டாவது கார்டுக்கு உருப்படியான வேலை ஒன்று உண்டு. ஸ்டீமில் 7 டொலருக்கு விற்கிற லாஸ்லெஸ் ஸ்கேலிங் மென்பொருள், கேமின் இரண்டு ஃபிரேம்களுக்கு (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களுக்கு) நடுவே புதிதாக ஒன்றை உருவாக்கிப் போடும். ஒரே கார்டில் இதையும் ஓட்டினால் கேமின் சொந்த ஃபிரேம் குறையும்: செக்கனுக்கு 60 இருந்தது 50 அளவுக்கு இறங்க, அதை இரட்டித்து 100 எடுப்போம். இந்த வேலையை வேறு கார்டிடம் கொடுத்தால் 60 அப்படியே நிற்கும், திரையில் 120 வரும். ஏஎம்டியின் சின்னக் கார்டான ஆர்எக்ஸ் 6400ஐ இந்த ஒரு வேலைக்காகத்தான் இங்கே எடைபோடுகிறோம். தனிக் கேமிங் கார்டாக அதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டோம்.

அதன் பெரிய பலம் மின்சாரம். 53 வாட்தான் இழுக்கும்; மதர்போர்டில் கார்டைக் குத்துகிற சிலொட்டே 75 வாட் வரை கொடுப்பதால் தனிப் பவர் வயர் தேவையில்லை. கேமை ஓட்டுகிற பெரிய கார்ட் ஆர்டிஎக்ஸ் 3060 என்று வைத்தால் அதற்கு 170, ரைசன் 5600 புரொசசருக்கு உச்சத்தில் 76, இதற்கு 53, மிச்ச உறுப்புகளுக்கு 50 என்று கூட்டினால் ஏறத்தாழ 350 வாட். நல்ல தரமான 550 வாட் பவர் சப்ளை தாராளமாகத் தாங்கும். யூபிஎஸ்தான் இடறும். கடைகளில் வழமையாகக் கிடைக்கிற 650 விஏ யூபிஎஸ் கொடுக்கக்கூடியது 360 வாட் சொச்சம்தான். மொனிட்டரையும் அதிலேயே குத்தினால், கேம் ஓடும்போது கரண்ட் போன அந்த நொடியில் யூபிஎஸ்ஸும் கத்திக்கொண்டு நின்றுவிடும். 1000 விஏக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். ஐப்பசி இடிமழைக்கு எந்த யூபிஎஸ்ஸையும் நம்பாமல் பிளக்கைக் கழற்றி விடுங்கள். ரவுட்டர் வயரையும் சேர்த்து.

வாங்க முதல் மதர்போர்டைப் பாருங்கள், பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். நீளமான இரண்டாவது சிலொட் இருந்தாலும் அதற்குள் 16 லேன் (தரவு ஓடும் பாதை) இருக்காது. ஏஎம்டி புரொசசருக்கான பி450 போர்டுகளில் அநேகமாக பிசிஐஇ 2.0 எக்ஸ்4 (பழைய வேகத்தில் நாலு லேன்), அதாவது செக்கனுக்கு 2 ஜிபி. பி550 போர்டுகளில் 3.0 எக்ஸ்4, கிட்டத்தட்ட 4 ஜிபி. இது போதுமா என்று கையாலேயே கணக்குப் போடலாம். 1920ஐ 1080ஆல் பெருக்கி, ஒரு புள்ளிக்கு 4 பைட் வைத்தால் ஒரு ஃபிரேம் 8.3 எம்பி. 60 ஃபிரேமுக்குச் செக்கனுக்கு 500 எம்பி. ஆகவே 1080பிக்குப் பழைய பி450யும் சமாளிக்கும். 1440பியில் ஒரு ஃபிரேம் 14.7 எம்பி, கேமின் சொந்த ஃபிரேமே 100 என்றால் 1.5 ஜிபி போய்விடும். அந்த இடத்தில் பி450 மூச்சுத் திணறும், படம் விட்டுவிட்டு ஓடும். கிரிப்டோ மைனிங்குக்குப் பாவித்த எக்ஸ்1 ரைசரை (ஒரே லேன் உள்ள நீட்டிப்பு வயரை) மலிவாகத் தருகிறோம் என்பார்கள். அது இந்த வேலைக்கு ஆகாது.

இன்னொன்று, சில போர்டுகளில் எஸ்எஸ்டி குத்துகிற இரண்டாவது எம்.2வும் இந்தச் சிலொட்டும் ஒரே லேனைப் பங்குபோடும். கார்டைப் போட்டதும் எஸ்எஸ்டி காணாமல் போனால் பழுது என்று பதறாமல் போர்டின் கையேட்டைப் பாருங்கள்.

பாவித்த 6400களில் ஒரு பகுதி அலுவலகக் கணினிகளிலிருந்து கழற்றியவை. அவற்றில் கேசிங்கோடு பூட்டுகிற தகடு கட்டையாக மட்டும் இருக்கும். சாதாரண கேசிங்கில் ஸ்க்ரூ போட இடம் வராது. கொழும்பு பம்பலப்பிட்டிக் கடைகளில் சொல்லி பஸ்ஸில் பார்சலாக எடுக்கிறவர்கள், நீளத் தகடு இருக்கிறதா என்று படம் கேட்டுவிட்டுக் காசை அனுப்புங்கள்.

பூட்டுவது லேசு, அமைப்பதில்தான் மினக்கேடு. மொனிட்டர் வயரை 6400க்கு மாற்ற வேண்டும். இதைச் செய்யாவிட்டால் முழு முயற்சியும் வீண், ஏனென்றால் உருவான ஃபிரேம் திரும்பவும் பெரிய கார்டுக்கு ஓடி வரும். மாற்றினால் அடுத்த சிக்கல்: கேமும் சின்னக் கார்டிலேயே திறந்து நொண்டும். விண்டோஸ் 11இல் சிஸ்டம், டிஸ்பிளே, கிராபிக்ஸ் என்று போய் உயர்திறன் கார்டாக 3060ஐத் தெரிவு செய்யுங்கள். பிறகு லாஸ்லெஸ் ஸ்கேலிங்குக்குள் விருப்பக் கார்டாக 6400ஐ வையுங்கள். கேம் எல்லையில்லாத விண்டோவில் (போர்டர்லெஸ்) ஓட வேண்டும். கேமின் ஃபிரேமை 60இல் கட்டி இரண்டு மடங்கு கேளுங்கள். டாஸ்க் மனேஜரில் 3060 கேமையும் 6400 அந்த மென்பொருளையும் சுமப்பது தெரிந்தால் சரி. என்விடியா, ஏஎம்டி டிரைவர் இரண்டும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும்.

வயரை மாற்றிய பிறகு கணினியைப் போட்டால் விண்டோஸ் வரும்வரை திரை கறுப்பாக இருக்கலாம். பல போர்டுகள் விண்டோஸுக்கு முன் வருகிற பயாஸ் அமைப்புப் படத்தை முதல் சிலொட்டுக்கே அனுப்பும். மொனிட்டரின் மற்ற போர்ட்டிலிருந்து 3060க்கு இன்னொரு வயர் கொடுத்து வைத்தால் பயாஸுக்குள் போகத் தடுமாற வேண்டியதில்லை.

வெக்கை விஷயத்தில் மதிப்பெண் குறைகிறது. 6400 தானாகச் சுடாது. பெரிய கார்டின் விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து அதன் காற்றை மறிக்கும். தகரக் கூரை வீட்டில் பங்குனி, சித்திரை மத்தியானம் இது நல்லாகவே தெரியும். ஒற்றைச் சிலொட் கட்டைக் கார்டாக எடுத்தால் ஒரு விசிறியாவது திறந்தபடி இருக்கும், ஆனால் அதன் சின்ன விசிறி கீச்சிடும். கிரவல் வீதியோரம் வீடென்றால் முன்பக்க வலையைக் கிழமைக்கொருக்கால் துடையுங்கள். மூன்று சிலொட் தடிப்புள்ள கார்ட் ஏற்கெனவே இருப்பவர்கள் இந்த யோசனையையே விடுங்கள், பல போர்டுகளில் இரண்டாவது சிலொட் மூடப்பட்டே போகும்.

1080பியில் 120, 144 ஹேர்ட்ஸ் திரைக்கு 6400 தாராளம். 1440பிக்கு அந்த மென்பொருளில் உள்ள ஃப்ளோ ஸ்கேல் அளவைக் குறைத்துச் சமாளிக்கலாம். 4கே வேண்டாம். 60 ஹேர்ட்ஸ் மொனிட்டர் வைத்திருப்பவருக்கு இதால் ஒரு பிரயோசனமும் இல்லை. அந்தக் காசை மொனிட்டரில் போடட்டும். சுடுகிற போட்டிக் கேம்களுக்கும் சரிவராது, கை அசைவு திரைக்கு வரச் சற்றுப் பிந்தும்.

வீட்டில் பழைய கார்ட் சும்மா கிடந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். ஆர்எக்ஸ் 570 வேலை செய்யும், ஆனால் 150 வாட் இழுக்கும், தனிப் பவர் வயரும் கேட்கும். ஜீடிஎக்ஸ் 1650யும் பரவாயில்லை. 1050 டிஐ கிடந்தால் வித்துப்போடுங்கள். இந்த மென்பொருள் நம்பியிருக்கிற அரைத் துல்லியக் கணக்கில் (எஃப்பி16) அந்தத் தலைமுறை மிகவும் மந்தம்.