எங்க ஜெராக்ஸ் கடையில லினக்ஸ்: பிரிண்டர் ஷேரிங்கும் அப்டேட்டும் வருசக்கணக்கா ஓட்டிப் பார்த்த அனுபவம்

விண்டோஸுக்குப் பதிலா போடுற லினக்ஸ்ல பிரிண்டர் ஓடாது, ஓடினாலும் ஒரு அப்டேட் போட்டா நின்னுரும். இந்த ரெண்டு பேச்சையும் ராமநாதபுரம் டவுன்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவங்ககிட்டயே இன்னமும் கேக்கலாம். தங்கச்சிமடத்துல ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், டிக்கெட் பிரிண்ட்னு ஓடுற எங்க கடையில லினக்ஸ் மிண்ட்ங்கிற லினக்ஸ் வகை போட்டு வருசக்கணக்காச்சு, முதல்ல வெர்ஷன் 21, இப்ப 22. அதை வச்சு சொல்றேன், முதல் பேச்சு ரொம்பப் பழசு, ரெண்டாவது பேச்சுல பாதி உண்மை இருக்கு, அந்தப் பாதி எதுன்னு தெரிஞ்சுக்கிட்டா அப்டேட்டுக்குப் பயப்படவே தேவையில்ல.

எங்க கடைக்கு கூட்டம் வர்ற நேரம் தனி. ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில நிக்கும், அப்பதான் படகு ஆய்வுக்கான பேப்பர், நிவாரணத்துக்கு பாஸ்புக் காப்பின்னு ஆளுங்க வந்துக்கிட்டே இருப்பாங்க. இந்தப் பக்கம் ஆடி அமாவாசை, தை அமாவாசைன்னா ராமேஸ்வரம் போற கூட்டம், லாட்ஜுல கேட்டாங்கன்னு ஆதார் ஜெராக்ஸுக்கு ஒரு குடும்பமே வேன்ல இருந்து இறங்கி நிக்கும். அந்த நேரத்துல பிரிண்டர் நின்னா நின்னதுதான், கூட்டம் அடுத்த கடைக்குப் போயிரும். அதனால இதை நான் பொழுதுபோக்கா எழுதல, பொழப்பே இதுலதான்.

செட்டப் இதுதான். லினக்ஸ் மெஷின் ரெண்டு, விண்டோஸ் ஒண்ணு. கைரேகை மெஷினுக்கு அந்தக் கம்பெனிக்காரங்க விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் மட்டும்தான் சாஃப்ட்வேர் கொடுத்திருக்காங்க, அதுக்காகவே அந்த ஒரு விண்டோஸ். முன்னாடி இருக்கிற லினக்ஸ் மெஷின்ல யுஎஸ்பில ஒரு பழைய லேசர் பிரிண்டர், ரவுட்டர்ல சேர்ந்த மாதிரி ஒரு கலர் இங்க் டேங்க் பிரிண்டர். லேசரை மூணு மெஷினும் பங்கு போட்டுக்கணும், அதான் தேவை.

லினக்ஸ்ல பிரிண்ட் வேலை எல்லாத்தையும் பாக்குறது கப்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர். மைக்கேல் ஸ்வீட்னு ஒருத்தர் எழுதி 1999-ல வெளியிட்டது, 2007-ல ஆப்பிள் வாங்குச்சு, மேக்ல ஓடுறதும் கப்ஸ்தான், இப்ப லினக்ஸ் பக்கம் ஓப்பன் பிரிண்டிங் குழு பாத்துக்கிறாங்க. பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட் போட்டு முக்காப்புள்ளி 631-ன்னு அடிச்சா கப்ஸோட சொந்தப் பக்கம் திறக்கும், பிரிண்டர் பிரச்சனைன்னா முதல்ல போக வேண்டிய இடம் அதுதான். மெனுல இருக்கிற பிரிண்டர் செட்டிங் ஜன்னல் பாதி விஷயத்தை மறைச்சுரும், இந்தப் பக்கம் எதையும் மறைக்காது.

ஷேரிங்ல முக்காவாசிப் பேர் மாட்டுறது ரெண்டு டிக்குக்கு நடுவுல. மெஷினுக்குப் பொதுவா "இந்த சிஸ்டத்துல இருக்கிற பிரிண்டர்களை ஷேர் பண்ணு"ன்னு ஒண்ணு இருக்கும், ஒவ்வொரு பிரிண்டருக்கும் தனியா "இதை ஷேர் பண்ணு"ன்னு ஒண்ணு இருக்கும், ரெண்டும் போட்டிருந்தாதான் அடுத்த மெஷினுக்குத் தெரியும். "இன்டர்நெட்ல இருந்தும் அனுமதி"ன்னு இன்னொரு டிக் இருக்கும், அதைத் தொடவே தொடாதீங்க, கடைக்குள்ள ஷேர் பண்ண அது தேவையே இல்ல.

ரெண்டு டிக்கும் போட்டும் தெரியலையா, அப்ப பிரச்சனை பிரிண்டர்ல இல்ல, நெட்வொர்க்ல. ஒரு மெஷின் இன்னொரு மெஷினோட பிரிண்டரைக் கண்டுபிடிக்கிறது அவாஹின்னு ஒரு சர்வீஸ் மூலமா, அது யுடிபி 5353 போர்ட்ல "நான் இங்க இருக்கேன்"னு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும், உண்மையான பிரிண்ட் வேலை போறது டிசிபி 631-ல. ஃபயர்வால் ஆன் பண்ணியிருந்தா ரெண்டையும் திறந்து விடணும். அதைவிட முக்கியம் ரவுட்டர். வைஃபைல சேர்ந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் பாக்க முடியாதபடி ஏபி ஐசொலேஷன்னு ஒரு செட்டிங் இருக்கும், அது ஆன்ல இருந்தா அவாஹியோட சத்தம் அடுத்த மெஷினுக்குப் போகவே போகாது. பாம்பன்ல ஒரு தம்பி கடை வச்சிருக்கார், அவர் போன் போட்டு "அண்ணே, நேத்து வரைக்கும் வந்துச்சு, இன்னைக்கு பிரிண்டரையே காணோம்"னார். "தம்பி, ரவுட்டர் மாத்துனீங்களா?"ன்னு கேட்டேன். "ஆமாண்ணே, நேத்து சாயங்காலம் நெட்டுக்காரங்க வந்து புதுசு மாட்டிட்டுப் போனாங்க." அவ்வளவுதான், புது ரவுட்டர்ல அந்த ஐசொலேஷனை ஆஃப் பண்ணவும் வந்துருச்சு, லினக்ஸ்ல ஒண்ணுமே தொடல. எங்க கடையில கஸ்டமருக்குன்னு தனியா கெஸ்ட் வைஃபை, அதுல மட்டும் ஐசொலேஷன் ஆன், நம்ம மெஷினெல்லாம் கேபிள்ல.

அடுத்தது ஐபி அட்ரஸ். கரண்ட் போயிட்டு வந்தா ரவுட்டர் வேற ஐபி கொடுத்துரும், பழைய நம்பரை வச்சு சேர்த்திருந்த பிரிண்டரெல்லாம் ஆஃப்லைன்னு காட்டும். ரவுட்டர்ல அந்த மெஷினுக்கு நிரந்தரமா ஒரு நம்பர் ரிசர்வ் பண்ணுங்க, இல்ல நம்பரே போடாம மெஷின் பேரோட கடைசில டாட் லோக்கல்னு சேர்த்துக் கூப்பிடுங்க, ரெண்டும் செஞ்சா இன்னும் நல்லது. விண்டோஸ் மெஷின்லயும் இதே வழிதான். பிரிண்டர் சேர்க்கிற இடத்துல பேரை வச்சுச் சேர்க்கிற ஆப்ஷனை எடுத்து, http://மெஷின்பேர்:631/printers/கியூபேர்னு முழு அட்ரஸைக் கொடுக்கணும், கியூ பேர்னா கப்ஸ்ல அந்தப் பிரிண்டருக்கு வச்ச பேர். டிரைவர் கேட்டா போஸ்ட்ஸ்கிரிப்ட் பொது டிரைவர் ஒண்ணு போதும், வர்றதைப் பிரிண்டருக்கு ஏத்த மாதிரி மாத்துற வேலையைக் கப்ஸே பாத்துக்கும். இதுக்கு விண்டோஸ் முறையில ஷேர் பண்ற சம்பாங்கிற சாஃப்ட்வேரெல்லாம் தேவையில்ல, சம்பா வேண்டாம்னு எடுத்துப் போட்டதுக்கப்புறம் எங்க கடையில பாஸ்வேர்டு தகராறே இல்ல.

சரி, பிரிண்டர் தெரியுது, வேலையும் அனுப்புறோம், ஆனா பேப்பர் வர மாட்டேங்குதுன்னா கியூ, அதாவது பிரிண்ட் வேலை காத்திருக்கிற வரிசை, நின்னு போயிருக்கும். கடலோரத்துல இது அடிக்கடி வரும், உப்புக் காத்துல யுஎஸ்பி முனையில பச்சை புடிச்சு நொடிப்பொழுது கனெக்ஷன் விட்டு வரும், மனுசன் கண்ணுக்குத் தெரியாது, ஆனா கப்ஸ் அதைப் பாத்துட்டு பிரிண்டரை நிறுத்தி வச்சிரும், அப்புறம் கேபிள் சரியானாலும் தானா ஓடாது. கமாண்ட் அடிக்கிற டெர்மினல்ல எல்பிஸ்டாட் போட்டு ஹைஃபன் டி (lpstat -t) கொடுத்தா எது நிக்குது எது ஓடுதுன்னு ஒரே பார்வையில தெரியும், கப்ஸ்எனேபிள் (cupsenable) போட்டு பிரிண்டர் பேரைக் கொடுத்தா மறுபடி ஓடும். 631 பக்கத்துல அந்தப் பிரிண்டரோட எரர் பாலிசியை ரீட்ரை ஜாப்னு மாத்தி வச்சிட்டா அதுவே திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், கடைக்கு இதுதான் சரி. கேபிள் முனையை மாசம் ஒருக்கா ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வச்சுத் துடைக்கிறோம். வாடைக் காத்து மாசத்துல பேப்பர் நமத்துப் போய் ஜாம் ஆகும், அதுக்கு எந்த கமாண்டும் கிடையாது, கட்டைப் பிரிச்சா மிச்சத்தை உடனே கவர்ல போட்டு மூடி வைக்கணும்.

பிரிண்டர் லைட் மட்டும் மினுக்கிட்டு நிக்குதுன்னா பேப்பர் சைஸைப் பாருங்க. டீஃபால்ட் லெட்டர்னு இருந்தா பிரிண்டர் லெட்டர் பேப்பருக்காகக் காத்துக்கிட்டு கிடக்கும், நம்ம ஊர்ல அது யார்கிட்ட இருக்கு. ஏ4-ன்னு கப்ஸ்லயும் மாத்தணும், லிப்ரே ஆபீஸ்லயும் மாத்தணும்.

மிண்ட் 21-லருந்து ஐபிபி-யுஎஸ்பின்னு ஒரு பேக்கேஜ் சேர்ந்து வருது, டிரைவரே இல்லாம யுஎஸ்பி பிரிண்டரை ஓட்டுறதுக்கு. புது மாடல் பிரிண்டருக்கு இது வரம்தான், சொருகின உடனே வந்துரும். ஆனா சில மாடல்ல பாதி மட்டும் ஒத்துவரும், அப்ப ஐபிபி-யுஎஸ்பி அந்த யுஎஸ்பி வழியைப் புடிச்சுக்கிட்டு கம்பெனி டிரைவரை உள்ள விடாது. அந்த மாதிரி மாட்டினா ஐபிபி-யுஎஸ்பியையும், இதே மாதிரி டிரைவர் இல்லாம ஸ்கேன் பண்ற சேன்-ஏர்ஸ்கேன் பேக்கேஜையும் எடுத்துட்டு டிரைவரைப் போடலாம்.

இப்ப அப்டேட். முதல்ல சொன்ன பாதி உண்மை இங்கதான் இருக்கு. எங்க பழைய லேசருக்குக் கம்பெனி கொடுக்கிற டிரைவர்ல ஒரு பகுதி மூடின பைனரி, அதாவது அதோட மூல எழுத்தான சோர்ஸ் வெளிய கிடையாது, கம்பெனி பேர் வேண்டாம். டிரைவரோட திறந்த பகுதி அப்டேட்ல புது வெர்ஷனுக்குப் போனா இந்த மூடின பகுதியும் அதே வெர்ஷன்ல இருக்கணும், இல்லன்னா ஃபில்டர் ஃபெயில்டுன்னு போட்டு நின்னுரும். மூடின பகுதியைப் புது வெர்ஷன்ல இறக்கிப் போட்டா சரி. ஆக அப்டேட்ல நிக்கிறது லினக்ஸ் இல்ல, சோர்ஸ் இல்லாத அந்தத் துண்டு. இதைக் கண்டுபிடிக்கிறதும் கஷ்டமில்ல. வார் ஃபோல்டர்ல லாக், அதுக்குள்ள ஆப்ட், அதுல ஹிஸ்டரின்னு ஒரு லாக் ஃபைல், எந்தத் தேதியில எந்தப் பேக்கேஜ் எந்த வெர்ஷன்லருந்து எதுக்கு மாறுச்சுன்னு அப்படியே எழுதியிருக்கும். நேத்து ஓடுச்சு இன்னைக்கு ஓடலன்னா முதல்ல அதைப் படிங்க, பிரிண்டர் சம்பந்தப்பட்ட பேரே அதுல இல்லன்னா அப்டேட் மேல பழி போடாம கேபிளைப் பாருங்க. கூட்ட நாள் வருதுன்னா அந்த ஒரு டிரைவரை மட்டும் ஆப்ட்-மார்க் ஹோல்டு போட்டு நிறுத்தி வைக்கலாம், கூட்டம் முடிஞ்சதும் மறக்காம அன்ஹோல்டு பண்ணணும்.

மொத்தமா அப்டேட்டையே நிறுத்துறவங்களுக்கு 2024 செப்டம்பரை ஞாபகப்படுத்துறேன். கப்ஸ்-பிரவுஸ்டுன்னு ஒரு சர்வீஸ், நெட்வொர்க்ல இருக்கிற பிரிண்டரைத் தானா தேடிச் சேர்க்கிறது, அதுல சிமோன் மார்கரிட்டெல்லின்னு ஒருத்தர் ஓட்டையைக் கண்டுபிடிச்சு வெளியிட்டார். யுடிபி 631-ல யார் வந்து "இங்க ஒரு பிரிண்டர் இருக்கு"ன்னாலும் அது நம்பிரும். அதை வச்சு ஒரு போலி பிரிண்டரை உள்ள நுழைச்சு, நீங்க அதுக்குப் பிரிண்ட் கொடுத்தா உங்க மெஷின்ல அவங்க கமாண்டை ஓட வைக்கலாம். உபுண்டு, டெபியன்னு மத்த லினக்ஸ்காரங்க எல்லாரும் ஓட்டையை அடைக்கிற பேட்ச் வேகமா விட்டாங்க, மிண்ட் உபுண்டு மேல கட்டினது, அதனால அதுக்கு உபுண்டு வழியா வந்துச்சு. ஜெராக்ஸ் கடை மெஷின்ல என்ன இல்ல, ஊர்ல பாதிப் பேரோட ஆதார், பாஸ்புக், பட்டா, படகு லைசன்ஸ் எல்லாம் டவுன்லோட் ஃபோல்டர்ல கிடக்கும். நம்மள நம்பி கொடுக்கிறாங்க. அந்த மெஷின்ல பேட்ச் போடாம வச்சிருக்கிறது எனக்கு சரியாப் படல, இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

நாங்க செய்யிற முறை இது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடை சாத்துறப்ப டைம்ஷிப்ட்ங்கிற சாஃப்ட்வேர்ல ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது சிஸ்டம் அப்ப இருக்கிற நிலைக்கு ஒரு காப்பி, அப்புறம் அப்டேட் மேனேஜர்ல எல்லாத்தையும் போட்டு ரீஸ்டார்ட் பண்ணி, மூணு மெஷின்லருந்தும் ஒரு டெஸ்ட் பேஜ். எதாவது கோளாறுன்னா ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிரலாம், லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்ல பிரச்சனைன்னா பூட் ஆகுறப்ப அட்வான்ஸ்டு ஆப்ஷன்ல பழைய கெர்னலை எடுத்துக்கலாம். டைம்ஷிப்ட் சிஸ்டத்தை மட்டும்தான் காப்பாத்தும், ஹோம் ஃபோல்டரை விட்டுரும், கஸ்டமர் ஃபைலுக்கு தனி பேக்கப் வேணும்.

அப்டேட் ஓடுறப்ப யுபிஎஸ் இல்லாம ஓட்டாதீங்க, நம்ம பக்கம் காத்து கொஞ்சம் ஓங்கி அடிச்சாலே கரண்ட் போயிரும். நடுவுல போயிருச்சுன்னா பதறி ஃபார்மேட் பண்ண வேண்டாம், டெர்மினல்ல சுடோ டிபிகேஜி, ரெண்டு ஹைஃபன் கான்ஃபிகர், ஹைஃபன் ஏ (sudo dpkg --configure -a), அப்புறம் சுடோ ஆப்ட், ரெண்டு ஹைஃபன் ஃபிக்ஸ்-புரோக்கன், இன்ஸ்டால் (sudo apt --fix-broken install), இந்த ரெண்டும் விட்ட இடத்துலருந்து முடிச்சுக் கொடுத்துரும். லாக் (lock, பூட்டு) கிடைக்கலன்னு எரர் வந்தா பின்னாடி வேற அப்டேட் ஓடிக்கிட்டிருக்குன்னு அர்த்தம், டீ குடிச்சிட்டு வாங்க. அந்தப் பூட்டு ஃபைலை அழின்னு சொல்ற வீடியோவைப் பாத்து அழிச்சு பேக்கேஜ் எல்லாம் அங்கிட்டும் இங்கிட்டுமா கிடந்த மெஷினை நான் சரி பண்ணிக் கொடுத்திருக்கேன். ஹாஷ் சம் மிஸ்மேட்ச்னு வந்தா அப்டேட் இறக்குற சர்வரான மிரரை மாத்தி, ஆப்ட் கிளீன் போட்டு மறுபடி அப்டேட் கொடுங்க, சரியாயிரும்.

புதுசா பிரிண்டர் வாங்குறவங்க ஐபிபி எவ்ரிவேர் இல்லன்னா ஏர்பிரிண்ட்னு அட்டைப்பெட்டியில போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, அது இருந்தா டிரைவர்ங்கிற பேச்சே இல்ல, எங்க கலர் பிரிண்டர் அப்படித்தான், எந்த அப்டேட்லயும் அது நின்னதில்ல. கப்ஸ் 3 வர்றப்ப பழைய முறை டிரைவரையெல்லாம் எடுத்துருவோம்னு ஓப்பன் பிரிண்டிங்காரங்க சொல்லிட்டாங்க, பழைய மெஷினுக்கு பிரிண்டர் அப்ளிகேஷன்னு தனியா ஒரு வழி வச்சிருக்காங்க. எங்க லேசரை அதுல ஏத்திப் பாக்கணும், தை அமாவாசைக் கூட்டம் முடியட்டும், அப்புறம் ரெண்டாவது லினக்ஸ் மெஷின்ல மட்டும் முதல்ல போட்டு ஓட்டிப் பாத்துட்டுதான் முன்னாடி மெஷினுக்குக் கொண்டு வருவேன்.