அப்பாவின் டிரங்குப் பெட்டியையும் அம்மாவின் கொழுந்துக் கூடையையும் கொடுத்த பிறகு: சில ஆண்டுகளின் அனுபவம்

சேரம்பாடி, பந்தலூர், குன்னூர் பக்கங்களில் வாழும் தாயகம் திரும்பிய குடும்பங்களில் ஒரு கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. பெற்றோர் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்த பொருள்களை எங்கே கொடுப்பது, கொடுத்தால் அவை என்ன ஆகும் என்பதே அந்தக் கேள்வி. கொரோனா காலத்துக்கு முன்பே எங்கள் வீட்டுப் பொருள்களில் ஒரு பகுதியை அரசு அருங்காட்சியகம் ஒன்றுக்கும், மற்றொரு பகுதியை என் மகள் முதுகலை படித்த பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறைக்கும் கொடுத்தோம். இரண்டு இடங்களோடும் இன்றுவரை தொடர்பில் இருப்பதால், கொடுக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு என் அனுபவத்தைக் கொண்டு விடை சொல்கிறேன்.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது; அதுதான் இன்றைய டேன்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி இந்த மலைக்கு வந்துசேர்ந்த என் பெற்றோர், வெள்ளை வண்ணத்தில் பெயர் எழுதிய டிரங்குப் பெட்டி, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி, பறித்த கொழுந்தைப் போடும் கொழுந்துக் கூடை, சம்பளச் சீட்டுகள், சில புகைப்படங்கள் ஆகியவற்றை மரப்பரணில் வைத்திருந்தார்கள்.

அருங்காட்சியகத்தில் முதலில் கேட்டது பொருளின் விலையையோ வயதையோ அல்ல. அது யாருடையது, யார் பயன்படுத்தியது, எந்தத் தோட்டம், எப்போது வந்தது என்பதைத்தான். பெற்றோர் காலமான பின் அவர்களுடைய பொருள் பிள்ளைகள் எல்லோருக்கும் உரியது என்பதால், பந்தலூரில் இருக்கும் அண்ணனும் கண்டியிலேயே தங்கிவிட்ட அக்காவும் சம்மதக் கடிதம் எழுதித் தர வேண்டும் என்றார்கள். அக்காவிடமிருந்து கடிதம் வந்துசேரக் காலதாமதமானது. அப்போது அலுப்பாக இருந்தாலும், பிற்காலத்தில் குடும்பத்துக்குள் பேச்சு வராமல் காத்தது அந்தக் கடிதம்தான் என்பதால் இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம் என்பேன்.

கூடையைக் கொடுக்கும்போது, அம்மாவின் தலையில் எண்ணெய் ஏறிக் கறுத்துப்போன அதன் தலைக்கயிற்றைத் துவைத்துக் காயவைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். துவைத்தால் அது வெறும் கயிறாகிவிடும், கறையோடுதான் வேண்டும் என்று அங்கிருந்த உதவியாளர் சொன்னார். பூச்சியும் பூஞ்சையும் மற்றப் பொருள்களுக்குப் பரவாதிருக்க அதை உறையிலிட்டுத் தனியே வைத்தார்கள். எங்கள் பக்கத்து மழைக்காலத்தில் பிரம்பும் மூங்கிலும் எப்படிப் பூத்துப்போகும் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அவசியம் புரியும். பிறகு, வந்துசேரும் பொருள்களைப் பதியும் சேர்க்கைப் பதிவேட்டின் எண்ணை வெள்ளைப் பருத்தி நாடாவில் எழுதி, கூடையின் உள்விளிம்பில் இரண்டே தையலில் கோத்தார்கள். கூடையைத் துளைக்காமல், தேவைப்பட்டால் அவிழ்த்துவிடும்படி அந்தத் தையல் இருந்தது.

கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி அசையும் பொருளைக் கையளித்து, மறுபக்கத்தார் ஏற்றுக்கொண்டாலே அது கொடையாகிவிடும். மனம் மாறியது என்பதற்காக மட்டும் அதைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே நிச்சயம் இல்லாதவர்கள் கொடை என்று எழுதாமல், காலவரையறையோடு இரவல் என்று எழுதித் தருவது நல்லது. இரவலை ஏற்காத நிறுவனங்களும் உண்டு. காட்சிக்கு வைப்பார்கள் என்ற வாக்குறுதியும் கிடைக்காது. எங்கள் கூடை பெரும்பாலும் வைப்பறையில்தான் இருக்கிறது. ஆனால் கடிதம் எழுதிக் கேட்டபோதெல்லாம் எண்ணைப் பார்த்து எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். வரிச் சலுகையை எதிர்பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 1961 வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு பணமாகத் தரும் நன்கொடைக்கே பொருந்தியது, பொருளுக்கு அல்ல.

பல்கலைக்கழகத்தில் அனுபவம் வேறு. வரவேற்பு மிக இதமாக இருந்தது. மாணவர்கள் வீட்டுக்கே வந்து, அண்ணனை உட்காரவைத்து, காலையில் தொழிலாளர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தைப் பற்றியும், வரிசை வீடுகளான லயத்து வாழ்க்கையைப் பற்றியும் ஒலிப்பதிவு செய்தார்கள், பெட்டியையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரமாக எடுத்துச் சென்றார்கள். ஆனால் பெற்றுக்கொண்டதற்கான கடிதம் என் மகளின் ஆய்வுத் திட்டத்தின் பெயரில், அவளுடைய பதிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதப்பட்டிருந்தது. அவள் படிப்பை முடித்து வெளியேறிய பின், அவளோடு வேலை செய்த மாணவர்களும் போய்விட்டார்கள், பொறுப்பாசிரியரும் மாறிவிட்டார். பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டபோது துறை அலுவலகம் மாணவர் சேவை மையத்துக்கு அனுப்பியது. அந்த மையத்தின் இணையப் படிவமோ மாணவர் பதிவு எண் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே நகரவில்லை. மாணவச் சான்று, மாற்றுச் சான்றிதழ், உதவித்தொகை ஆகியவற்றுக்காக அமைந்த மையத்துக்குக் கொடையாளர் என்றொரு ஆள் இருப்பதே தெரியாது. அங்கிருந்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அது அவர்கள் வேலையே அல்ல.

மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுதலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அந்தக் குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பதும், அதில் நிறைவு இல்லையெனில் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதும் உண்மை. ஆனால் அந்த வழி, சேர்ந்து படிப்பவருக்கும் சேர விண்ணப்பிப்பவருக்கும் உரியது. பெற்றோருக்கோ கொடையாளருக்கோ அல்ல. மகள் மாணவியாக இருந்தபோதே கேட்டிருந்தால் ஒருவேளை பலித்திருக்கலாம். கடைசியில் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், கருத்தரங்கக் கூடத்தில் பழைய விடைத்தாள் கட்டுகளுக்கு அடியில் இருந்த பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்து, பொருள்வாரியான பட்டியலோடு பதிவாளர் கையொப்பமிட்ட கடிதத்தை வாங்கித் தந்தார். பெட்டிக்குப் பெரிய சேதமில்லை. மூடியின் கீல் ஒன்று மட்டும் கழன்றிருக்கிறது.

என் கணிப்பு இதுதான். அருங்காட்சியகம் மெதுவாக நகர்கிறது, ஆனால் அதன் பதிவேடு ஆளைப் பொறுத்ததல்ல. பல்கலைக்கழகத் துறை பொருளைப் படிக்கிறது, பேச வைக்கிறது, ஆனால் அதன் நினைவு இரண்டாண்டுக்கு ஒருமுறை பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பவர்கள் கடிதத்தை நிறுவனத்தின் பெயரில், கொடையாளரின் பெயரும் முகவரியும் குறித்து வாங்க வேண்டும். குடும்பத்தார் எப்போது வந்து பார்க்கலாம் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும்.

பழைய பங்களாக்களில் வேலை செய்தவர்கள் வீட்டில் இருக்கும் காட்டுமாட்டுக் கொம்பு, மான் கொம்பு பற்றியும் கேட்கிறார்கள். அவற்றை முதலில் அருங்காட்சியகத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உரிமைச் சான்று இல்லாமல் அவற்றை வைத்திருப்பதே சிக்கல் என்பதால் வனத்துறையைத்தான் அணுக வேண்டும். சான்று உள்ளவர்கள் விரும்பினால் இழப்பீடின்றித் திருப்பி ஒப்படைக்க 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது.

நாங்கள் இன்னும் கொடுக்காதது, தாயகம் திரும்பியோருக்கென்று வழங்கப்பட்ட குடும்ப அட்டை; இது ரேஷன் அட்டை அல்ல. தாயகம் திரும்பியோர் என்பதற்கு அதுவே ஆதாரம் என்பதால் அண்ணன் பிள்ளைகளுக்குச் சலுகை கோரும்போது அதன் மூலத்தைக் காட்டச் சொல்கிறார்கள். வருடிய (ஸ்கேன் செய்த) படியை இரண்டு இடங்களுக்கும் கொடுத்திருக்கிறோம். அருங்காட்சியகம் அதுவே போதும் என்றது. துறையிலிருந்து மூலத்தைக் கேட்டு வந்த கடிதத்துக்கு, பிள்ளைகளின் படிப்பு முடியும் வரை இயலாது என்று அண்ணன் பதில் எழுதிவிட்டார்.