காஸ்டிக் சோடாவில் கரைந்த ஹெரால்டு: பழைய டைகாஸ்ட் கார்களைப் புதுப்பிக்கக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த பழைய பொம்மைக் கார்களை, அதாவது டைகாஸ்ட் கார்களை, புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் ஒருவரிடம் என் அப்பாவின் டிங்கி பொம்மைக் காரைக் கொடுத்து, அதைச் சரிசெய்ய முடியாத நிலையில் திரும்பப் பெற்றிருக்கிறேன். அவர் யார் என்பதை இங்கே எழுதவில்லை. அவர் செய்த வேலையையும், அதை மறைக்கச் சொன்ன காரணத்தையும், அந்தக் காரணம் ஏன் பொய் என்பதையும் எழுதுகிறேன். கேட்பதற்கு அறிவியல் போலவே இருக்கும் அந்தக் காரணத்தை நானும் இரண்டு வாரம் நம்பியிருந்தேன்.

கார், டிங்கி டாய்ஸ் 189ஆம் எண் ட்ரையம்ஃப் ஹெரால்டு; அதே பெயரில் இங்கிலாந்தில் ஓடிய நிஜக் காரின் சிறு வடிவம். லிவர்பூலில் பின்ஸ் ரோட்டில் இருந்த, டிங்கி பொம்மைகளைத் தயாரித்த மெக்கானோ நிறுவனத்தின் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, 1962இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய பெரியப்பாவின் பெட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதே ஹெரால்டு 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானதும், பின்னாளில் அப்பா அப்படியொரு இரண்டு கதவு வண்டியை வாங்கி ஓட்டியதும்தான் இந்தப் பொம்மையை எங்கள் வீட்டில் பொம்மையாகவே யாரும் பார்க்காததற்குக் காரணம். அப்பா இறக்கும் வரை அது அவருடைய மேசையில் இருந்தது. பச்சையும் வெள்ளையுமான வண்ணத்தில் பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது. பின்பக்க அச்சு வளைந்திருந்தது. ஆனால் உடல் உறுதியாக இருந்தது. கதவின் கைப்பிடி, முகப்பு விளக்குகளின் வளையம், பானெட்டின் விளிம்புக்கோடு எல்லாம் வார்ப்பில் இருந்தபடியே கூர்மையாகத் தெரிந்தன. அனுப்புவதற்கு முன் நான் எடுத்த படங்கள் இதற்குச் சாட்சி.

மறுவண்ணம் பூசிய பழைய மாடலுக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்புக் குறையும் என்பது எனக்குத் தெரியும். விற்பதற்காக நான் கொடுக்கவில்லை. பழைய பச்சை, வெள்ளை வண்ணத்தையே மறுபடி பூச வேண்டும், சக்கரங்கள் பழையவையே இருக்க வேண்டும், ஒரே மாற்றமாக அப்பா ஓட்டிய வண்டியின் எம்.எஸ். எனத் தொடங்கும் பதிவெண்ணைக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தாகப் பொருத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். 6,000 ரூபாய் பேசி 4,500 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். ஆறு வாரம் என்றவர் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டார். இடையில் அவர் அனுப்பிய படங்கள் எல்லாமே காரை மேலிருந்து, தொலைவிலிருந்து காட்டியவை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பொட்டலத்தைப் பிரித்தபோது முதலில் பளபளப்புதான் தெரிந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது கைப்பிடிகளைக் காணவில்லை. விளக்கு வளையங்கள் மழுங்கிப்போய், பானெட் கோடு பட்டி நிரப்பிய பள்ளமாக இருந்தது. பழைய அலுமினியச் சக்கரங்களுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் சக்கரங்கள் இருந்தன. கண்ணாடிகளின் உட்புறத்தில் வெள்ளைப் படலம் படிந்திருந்தது. எண்பலகை இன்றைய வண்டிகளுக்கு உரியதுபோல் வெள்ளையில் கறுப்பாக ஒட்டப்பட்டிருந்தது. அதை மட்டும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

தொலைபேசியில் கேட்டேன். "சார், அது ஜிங்க் பெஸ்ட். பழைய மெட்டலுக்கு வர்ற நோய். பெயின்டை எடுத்ததும் உள்ளே எல்லாம் அரிச்சுப் போயிருந்துச்சு. நான் பட்டி வச்சுக் காப்பாத்தியிருக்கேன்" என்றார். சக்கரங்கள் எங்கே என்றதற்கு, துருப்பிடித்துவிட்டதால் எறிந்துவிட்டதாகச் சொன்னார்.

ஜிங்க் பெஸ்ட் என்பது கற்பனையான நோய் அல்ல. டைகாஸ்ட் கார்கள் பெரும்பாலும் துத்தநாகத்துடன் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் அலுமினியம் சேர்ந்த கலவையால் வார்க்கப்படுகின்றன. அந்தக் கலவையில் ஈயம் போன்ற மாசு சிறிதளவு கலந்துவிட்டாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல உலோக மணிகளின் எல்லைகளில் அரிப்புப் பரவி, வார்ப்பு உள்ளிருந்தே உப்பி, வளைந்து, வெடித்து, கடைசியில் விரலில் பொடியாக உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி கார்கள் பல இப்படி அழிந்திருக்கின்றன. போருக்குப் பின் தூய்மையான துத்தநாகம் பயன்பட்டதால், 1959 முதல் வெளிவந்த ஹெரால்டில் இதைக் காண்பது அரிது. அதைவிட முக்கியமானது, இந்த நோய் வந்த கார் பெரிதாகி விரிசல் விடும். மேற்பரப்பில் உள்ள நுணுக்கங்கள் மட்டும் சீராக மழுங்கி, உடல் நேராகவும் உறுதியாகவும் நிற்காது. என் காரில் ஒரு விரிசல்கூட இல்லை.

இதை எனக்கு விளக்கியவர் முப்பது ஆண்டுகளாகத் தம் சொந்தக் கார்களை மட்டுமே புதுப்பித்துவரும் நண்பர். அவர் என்னைப் பழைய சக்கரங்களை எப்படியாவது கேட்டு வாங்கச் சொன்னார். எறிந்துவிட்டதாகச் சொன்னவர், மீதிப் பணத்தைத் தரமாட்டேன் என்று நான் உறுதியாகச் சொன்ன பிறகு அவற்றை ஒரு சிறிய உறையில் அனுப்பிவைத்தார். இரும்பு அச்சுக்கம்பிகள் சேதமில்லாமல் இருந்தன. அவற்றின் முனைகளில் இருந்த அலுமினியச் சக்கரங்களோ தகடாக மெலிந்து, கறுத்து, ஒன்று நடுவில் ஓட்டையாகவே ஆகியிருந்தது. அலுமினியத்துக்குச் செந்துரு வராது. ஆனால் காஸ்டிக் சோடா என்ற கடும் காரத்தில் அது நுரைத்துக் கரையும். துத்தநாகமும் கரையும், கொஞ்சம் மெதுவாக. இரும்புக்கு எதுவும் ஆகாது. இரும்பு தப்பி, அலுமினியம் கரைந்து, துத்தநாகம் மழுங்கியிருந்தால், காரைக் கழற்றாமல் முழுசாகக் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டு மறந்துவிட்டார்கள் என்பதுதான் பொருள். நோய் என்றதும் துரு என்றதும் ஒரே வாளியை மறைக்கச் சொன்ன இரண்டு பொய்கள்.

செய்ய வேண்டிய முறை ஒன்றும் ரகசியமானதல்ல. அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் விரிந்த தலையை மட்டும் ட்ரில்லால் எடுத்து, தகடு, கண்ணாடி, அச்சு ஆகியவற்றைத் தனியே பிரித்து, வெறும் உடலுக்கு மட்டும் பெயின்ட் ரிமூவர் பூசிப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிரைமரும் வண்ணமும் மெல்லிய பூச்சுகளாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக ஏற வேண்டும். வார்ப்பின் நுணுக்கங்கள் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கே உயரம் கொண்டவை. தடித்த ஒரே பூச்சு போதும், அவற்றைப் புதைத்துவிட. கடைசியில் ரிவெட் இருந்த தூணில் 2 மில்லிமீட்டர் மரை வெட்டி, அடித்தகட்டைத் திருகாணியால் பூட்ட வேண்டும். என் காரில் அடித்தகடு சூப்பர் குளூவால் ஒட்டப்பட்டிருந்தது. அந்தப் பசையின் ஆவிதான் கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிந்தது. இப்போது அசிட்டோன் விட்டுப் பசையைக் கரைக்கலாம் என்றால், அது பிளாஸ்டிக் கண்ணாடியையும் கரைத்துவிடும்.

ஆகவே கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வியையாவது கேளுங்கள்: பழைய வண்ணத்தை எதைக்கொண்டு எடுப்பீர்கள்? காஸ்டிக் என்று பதில் வந்தாலும், 'அது எங்கள் தனி முறை' என்று மழுப்பினாலும் காரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வண்ணம் எடுத்தபின், பிரைமர் பூசுவதற்கு முன், வெற்று உடலைப் பக்கவாட்டிலிருந்தும் அருகிலிருந்தும் எடுத்த படம் வந்த பிறகே அடுத்த தவணைப் பணம் என்று எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். மாற்றிய ஒவ்வொரு பழைய உறுப்பும், எவ்வளவு கெட்டிருந்தாலும், உங்களிடம் திரும்பி வர வேண்டும். என்னிடம் இன்று ஆதாரம் என்று இருப்பது அந்த உறையில் வந்த சக்கரங்கள்தான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். முன்பணத்தில் பாதியைத் தருவதாக அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. காஸ்டிக் சோடாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை என்பதால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. கார் மறுபடியும் அப்பாவின் மேசையில் இருக்கிறது. காஸ்டிக்கில் வண்ணம் போனாலும் இரும்பு அடித்தகட்டின் எழுத்துகள் மட்டும் மழுங்காமல் இருக்கின்றன. டிங்கி டாய்ஸ் என்று விரலால் தடவிப் படிக்க முடிகிறது.